செம்பு மிஷின்

காலை பதினொன்றேகால் மணிக்கு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் பஸ்ஸுக்கு நின்றிருந்த மூன்று பேருமாக ஏழு பேர், இறந்து பதினேழு நாளாகியிருந்த தளவாயை அவனுடைய அண்ணன் கோமதிநாயகத்தின் பட்டறை வாசலில் பார்த்தார்கள். நீலச் சட்டை போட்டிருந்தான். காலில் செருப்பு இல்லை. பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு மறுநாள் பட்டறையைத் திறந்த கோமதிநாயகம், பாதியில் நின்றுபோயிருந்த ஒரு கேட்டின் மேல் குனிந்து, கறுப்புக் கண்ணாடி பதித்த முகமறைப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு, வெல்டிங் குச்சியை இரும்பில் உரசினார், நெருப்பு பிடித்தது, அந்த வெள்ளை வெளிச்சம் ரோட்டைத் தாண்டி எதிர்ச்சுவரில் போய் விழுந்த அதே நேரத்தில், மிஷினுக்கும் கேட்டுக்கும் நடுவில், உயிரோடிருந்தபோது எங்கே நிற்பானோ அங்கேயே தளவாய் நின்றான். குச்சி எரிந்து தீர்ந்ததும் அவனும் இல்லை. புதுக் குச்சியை மாட்டி உரசியதும் மறுபடி நின்றான்.

யாரும் ஓடவில்லை. பதினொன்றரை பஸ் வந்தது. நின்றிருந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள், வேலைக்குப் போகிறவர்கள். டீக்கடை பீர்முகம்மது கையிலிருந்த கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து, கோமதிநாயகம் முகமறைப்பை இறக்கும் வரை காத்திருந்து சொன்னார்.

“தம்பி வந்திருக்கான், நாயகம்.”

“எந்தத் தம்பி?”

“உன் தம்பிதான். நீ பத்த வைக்கும்போது நிக்கான். அணைச்சா போயிருதான்.”

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். மிஷின் இருந்தது, புது வயர் இருந்தது, இரும்புத் தூள் படிந்த தரை இருந்தது. “என்ன செய்யுதான்?” என்று கேட்டார்.

பீர்முகம்மது கொஞ்சம் தாமதித்தார். “அளவு பாத்துகிட்டு நிக்கான். வேற என்ன செய்வான்?” என்றார்.

மேலப்புதூரில் அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை, ஒருவர் காதில் ஒருவர் ஓதவுமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து மூன்று வருஷம், தளவாய் என்ன செய்கிறான் என்று கோமதிநாயகம் யாரிடம் எப்போது கேட்டாலும், அளவு பார்க்கிறான் என்ற பதிலைத்தான் ஊர் சொன்னது.

அந்த மிஷின் வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். வாடகை மிஷினை வைத்து வருஷக்கணக்கில் தொழில் ஓட்டிய பிறகு, அண்ணனும் தம்பியும் சொந்தமாக ஒன்று வாங்கத் திருநெல்வேலிக்குப் போனார்கள். கடையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று, பள்ளிக்கூடப் பை மாதிரி வார் வைத்து, தோளில் மாட்டிக்கொள்கிற சின்ன இன்வெர்ட்டர் மிஷின். இன்னொன்று, நான்கு சக்கரம் வைத்து, வயிறு நிறைய எண்ணெய் குடித்து, கன்று போடப்போகிற எருமை மாதிரி நின்ற பழைய காலத்து மிஷின். உள்ளே முழுக்கச் செம்புக் கம்பிச் சுற்று. குத்துவிளக்கோ மண்வெட்டியோ பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரமோ, எதை வாங்கினாலும் கையில் தூக்கிக் கனம் பார்த்து, கனத்தால் அதில் ஏமாற்று இல்லை என்று முடிவுகட்டுகிற பழக்கம் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு உண்டு. கோமதிநாயகம் சின்னதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, ஏதோ இனாமாக வந்த சாமானைப் போலக் கீழே வைத்தார். பெரியதைத் தூக்க முடியவில்லை. அதிலேயே அவருக்கு மனசு விழுந்துவிட்டது.

“அதுல இருக்கது வெறும் சர்க்யூட் பலகை, அண்ணாச்சி. இதுல இருக்கது செம்பு,” என்றார் கடைக்காரர். “நாளைக்கே நீங்க தொழிலை விட்டாலும் செம்பு உங்களைக் கைவிடாது.”

“அண்ணே, நாம வாங்கி உருக்கவா போறோம்? வேலை செய்யத்தானே வாங்குதோம்,” என்றான் தளவாய். “மாடி வேலை வந்தா இந்த எருமையை எப்படி ஏத்துவ?”

“மிஷின் எதுக்குல மேல ஏறணும்? வயரு ஏறும்லா?”

கடைக்காரர் சிரித்தார். தளவாய் சிரிக்கவில்லை. பணம் குறைந்தது. தளவாயின் பைக்கை விற்றால் சரியாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன்தான் அதை முதலில் சொன்னான். “வண்டியைக் குடுத்திருதேன், அண்ணே. சின்னதை வாங்கு.” வண்டியைக் கோமதிநாயகம் விற்க எடுத்துக்கொண்டார், அந்தப் பணத்தைச் சேர்த்து வாங்கியது பெரியதை. சாவியைக் கொடுக்கும்போது, அதில் கோத்திருந்த ஒரு பிளாஸ்டிக் மயிலை மட்டும் தளவாய் கழற்றி, பேன்ட்டில் பெல்ட் மாட்டுகிற பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டான். அதற்கப்புறம் மிஷினைப் பற்றி அவன் ஒரு குறையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் கோமதிநாயகத்துக்குத் தோன்றியது.

அந்த ஐப்பசியில் கல்யாண மண்டபத்து மூன்றாவது மாடிக்கு பால்கனி கிரில் வைக்கிற வேலை வந்தது. மிஷின் கீழே நின்றது. வயர் ஏறியது, எட்டவில்லை. இன்னொரு துண்டு வயரைக் கோமதிநாயகமே முறுக்கிச் சேர்த்து, அந்த ஒட்டின் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினார். அந்த ஊரில் எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் சுற்றுவார்கள். காலையில் பெய்த மழையின் தண்ணீர் பால்கனியில் தேங்கியிருந்தது. ஒட்டு இழுபட்டு இழுபட்டு டியூப் விலகி, கிரில்லைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் வெறுங்காலோடு நின்ற தளவாயின் மேல் பட்டது. அடித்தது சின்ன ஷாக்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்றாவது மாடியின் விளிம்பில் நிற்கிற ஆளுக்குச் சின்ன ஷாக் போதும்.

பட்டறையைத் திறப்பதற்கு முன்னால் கோமதிநாயகம் செய்த ஒரே காரியம், அந்த வயரைத் தூக்கி எறிந்துவிட்டு, நுனி முதல் நுனி வரை ஒட்டில்லாத புது வயர் போட்டதுதான். மிஷினை விற்கவில்லை. அந்த மிஷினுக்குள் தம்பி விற்கக் கொடுத்த வண்டி இருந்தது.

ஒரு மாசத்துக்குள் ஊர் தளவாய்க்கு ஏற்றாற்போலத் தன்னை மாற்றிக்கொண்டது. பீர்முகம்மது காலை டீ கொடுக்கும்போது இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்; இரண்டாவது ஆறிப்போய், அதைக் குடிக்கிற பொறுப்பைப் பட்டறை நாய் ஏற்றுக்கொண்டது. தளவாய் செத்ததாகச் சான்றிதழ் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரிடம் யாரோ போய், இப்போது என்ன செய்வது என்று கேட்டபோது, வேலைக்கு வருவது வேறு, உயிரோடு இருப்பது வேறு, அரசாங்கத்துக்கு இரண்டாவதுதான் கணக்கு என்று அவர் சொல்லிவிட்டார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி போடுகிற கூட்டத்தில் மட்டும் கொஞ்சம் பேச்சு நடந்தது. வேலைக்கு வருகிற ஆம்பளைக்கு வரி உண்டு என்பது வழக்கம், ஆனால் செத்தவனிடம் எப்படி வாங்குவது என்று ஒருவர் கேட்க, வெளிச்சத்தில் மட்டும் வருகிறவனுக்குப் பாதி வரி என்று முடிவானது. கோமதிநாயகம் அந்தப் பாதி வரியை முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கட்டினார். தம்பியை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்களே என்று அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

பார்க்கிறதற்குக் கண்தான் கூலி. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் கண்ணில் மணலை அள்ளிப் போட்டமாதிரி உறுத்தி, வீங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கொட்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களுக்கு இரும்பு உருகுகிற புள்ளி மட்டும்தான் தெரிந்தது. செல்போனில் படம் பிடித்தவர்களுக்கு வெள்ளையாக ஒரு பூ விரிந்து மறைந்தது. ஆகவே தளவாயைப் பார்க்க நினைத்தவர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கை வில்லையாக அரிந்து கண்ணில் வைத்துக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரிகளிடம் சங்கில் தாய்ப்பால் கேட்டு வாங்கிச் சொட்டு விட்டுக்கொண்டார்கள். மறுநாள் யார் கண் சிவந்திருக்கிறது என்பதை வைத்து, நேற்று யார் தளவாயைப் பார்க்க வந்தார்கள் என்று ஊர் தெரிந்துகொண்டது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண், வேறு இடத்தில் கல்யாணம் ஆவதற்கு முந்தின நாள், தண்ணீர்க் குடத்தோடு எதிர்ச்சுவர் ஓரமாக வந்து, இரண்டு குச்சி எரிந்து தீரும் வரை நின்றுவிட்டுப் போனாள். கல்யாணப் போட்டோவில் அவள் கண் சிவந்திருந்ததை மாப்பிள்ளை வீட்டார், பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொழில் பெருகியது. கேட் வாங்க வருகிறவர்கள், “தளவாய் பாத்துட்டானா?” என்று கேட்டார்கள். பார்த்துவிட்டான், தலையாட்டிவிட்டான் என்று பெஞ்சில் இருக்கிறவர்கள் யாராவது சொன்னால் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். கீழத்தெருவில் இருந்த இன்னொரு வெல்டிங் பட்டறைக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘இங்கே உயிரோடு இருப்பவர்கள் மட்டும் வேலை செய்கிறோம், சீக்கிரம் முடியும்’ என்று போர்டு எழுதி வைத்தார்.

தளவாயைப் பார்க்காத ஒரே ஆள் கோமதிநாயகம். அவர் பற்றவைத்தால்தான் தளவாய் வருவான்; பற்றவைக்கிற ஆள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒருமுறை துணிந்து முகமறைப்பை எறிந்துவிட்டுக் குச்சியை உரசினார். அவ்வளவு பக்கத்தில் அந்த வெளிச்சத்துக்கு உருவம் கிடையாது. பச்சையும் வெள்ளையுமாக ஒரு சுவர் எழுந்து நின்றது, அவ்வளவுதான். மனைவி பேச்சித்தாய் உருளைக்கிழங்கு அரிந்து வைத்துக்கொண்டே, “கண்ணும் போயிட்டா என்ன செய்யுததா உத்தேசம்?” என்று கேட்டாள். பிறகு கோவில்பட்டியிலிருந்து ஒரு வெல்டரைக் கூலிக்கு வரவழைத்து, அவர் பற்றவைக்க, தான் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். வெல்டர் மட்டும் தெரிந்தார். வந்தவரின் வேலை சுத்தமாக இருந்தது என்பதைத் தவிர அன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தம்பி கோபமாக இருக்கிறானா? அதைத் தளவாயைப் பார்த்த எல்லோரிடமும் கேட்டார். பூக்காரியிடம் கேட்டார், தபால்காரரிடம் கேட்டார், சீட்டுப் பணம் வசூலிக்க வருகிறவரிடம் கேட்டார். பேச்சித்தாயிடம் தினமும் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் திறக்கும்போது கேட்டார்.

“மூஞ்சி எப்படி இருக்கு?”

“எப்பவும் போலத்தான்.”

“என்னையப் பாக்கானா?”

“வேலை செய்யுத ஆளைப் பாக்காம வேற யாரைப் பாப்பாரு? சாப்பிடுங்க.”

மூன்றாவது வருஷம் கார்த்திகையில், தென்காசிக்கு முட்டை ஏற்றிப் போன நாமக்கல் லாரி ஒன்றின் பின்கதவுக் கொக்கி மேலப்புதூர் வேகத்தடையில் அறுந்தது. டிரைவர் வண்டியைப் பட்டறை முன்னால் நிறுத்தி, கொக்கியைக் கொடுத்துவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்வதைக் கவனிக்காமல், கோமதிநாயகம் வேலை செய்வதை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார்.

“ஏனுங்க, கூட நிக்கற தம்பிக்கு ஒரு கையுறை வாங்கித் தரக் கூடாதுங்களா? வயரை ரெண்டு கையிலயும் இறுக்கிப் பிடிச்சுட்டே நிக்கறாப்புல.”

“எந்தத் தம்பி?” என்றார் கோமதிநாயகம்.

“நீலச் சட்டைங்க. இடுப்புல மயில் பொம்மை தொங்குதுங்களே, அவருதான். வேலைல கண்ணே இல்லைங்க அவருக்கு, உங்களையே பாத்துட்டு இருக்கறாப்புல. அந்த இடத்துல வயருல ஒட்டு கிட்டு இருக்குதுங்களா?”

மயிலைப் பற்றி மூன்று வருஷத்தில் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. “எந்த இடத்துல?” என்று கோமதிநாயகம் கேட்டார். டிரைவர் செருப்புக் காலால் வயரைத் தொட்டுக் காட்டினார். புது வயர்; அங்கே ஒட்டு எதுவும் இல்லை. பழைய வயரில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

லாரி போன பிறகு கோமதிநாயகம் ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பீரு, மூணு வருஷமா அளவா பாத்தான்?”

பீர்முகம்மது அடுப்பைத் தணித்தார். “நீ வேலை செய்யணும்லா, நாயகம்,” என்றார்.

“வயரைத்தான் பிடிச்சிகிட்டு நிக்கானா?”

“ஆமா.”

“மொத நாள்ல இருந்தா?”

“மொத நாள்ல இருந்துதான்.”

அதற்கு மேல் கோமதிநாயகம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கொலைக்கு உண்டான ஆயுதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தினமும், தெரு பார்க்க, ஒரு வார்த்தை பேசாமல் தம்பி தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்று அவர் புரிந்துகொண்டார். ஊர் முழுக்க அதைப் பார்த்து, தன்மேல் இரக்கப்பட்டு மறைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். அவன் கேட்ட மிஷினை வாங்காத வரை அவன் அந்த வயரைக் கீழே போடமாட்டான் என்றும் புரிந்துகொண்டார். மறுநாள் விடிந்ததும் மினி லாரி பிடித்து, எருமையை ஏற்றிக்கொண்டு, பேச்சித்தாயிடம்கூடச் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போனார்.

அதே கடை, அதே கடைக்காரர். பழைய மிஷினை எடுத்துக்கொண்டு சின்னதைத் தர முடியுமா என்று கேட்டதற்கு, அதற்கென்ன என்று சொல்லி, மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, சுற்றை வெட்டி வெளியே எடுத்துத் தராசில் போட்டார்கள். செம்பின் எடைக்கே சின்ன மிஷினின் விலை முழுதும் கழிந்து, மிச்சமும் வந்தது.

“நான் அன்னைக்கே சொன்னேன்லா, அண்ணாச்சி. செம்பு கைவிடாதுன்னு,” என்றார் கடைக்காரர். “மிச்சத்துக்கு நீளமா ஒரே வயரா தந்திருதேன். இந்தாங்க மிஷினு. தூக்கிப் பாக்கலையா?”

“வேண்டாம்,” என்றார் கோமதிநாயகம்.

மத்தியானம் பட்டறைக்கு வந்து, சின்ன மிஷினை இறக்கி, கம்பித் துண்டு ஒன்றைக் கீழே போட்டுக் குச்சியை உரசினார். முன்னைவிடச் சுலபமாகப் பற்றியது. முகமறைப்பை இறக்காமலே, “நிக்கானா?” என்று கேட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீர்முகம்மது முதல்முறையாகத் தயங்காமல் பதில் சொன்னார். “இல்லை, நாயகம்.”

கோமதிநாயகத்துக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டான், போய்விட்டான். தூக்குவாளியோடு பேச்சித்தாய் வரும் வரை அந்த நிம்மதி இருந்தது. அவள் சின்ன மிஷினைப் பார்த்தாள், நான்கு சக்கரம் நின்ற இடத்தில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள்.

“தம்பிய வித்துட்டு வந்துட்டீகளா?” என்றாள்.

“நீயும்தான பாத்த. ஒட்டு இருந்த இடத்தைக் கையில பிடிச்சிகிட்டு எனக்குக் காட்டிகிட்டே நின்னான்லா. எத்தனை நாளைக்கு நிப்பான்?”

“காட்டுனாரா? யாரு சொன்னா காட்டுனாருன்னு?” பேச்சித்தாய் வாளியைக் கீழே வைத்தாள். “பொத்திகிட்டு நின்னாரு. நீங்க நகந்தா வயரு தரையில இழுபடும்லா, இழுபடாம தூக்கிப் பிடிச்சிகிட்டு உங்ககூடவே நகருவாரு. உங்களையே பாத்தது, அடுத்து எந்தப் பக்கம் திரும்புவீகன்னு தெரியுததுக்கு. மழை நாள்ல நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடிச்சிருப்பாரு, ஒரு சொட்டு ஈரம் உங்க பக்கம் வந்துராம.”

 “ஏன் சொல்லலை?” என்றார் கோமதிநாயகம்.

“வயருன்னு வாயெடுத்தா உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் வருமேன்னு சொல்லலை. நானும் சொல்லலை, ஊரும் சொல்லலை.”

அடுத்த பஸ்ஸில் அவர் திருநெல்வேலிக்குப் போனார். கடை வாசலில் எருமையின் தகரக் கூடு, உள்ளே ஒன்றுமில்லாமல், மழைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டி மாதிரி கவனிப்பாரற்றுக் கிடந்தது. செம்பு பத்து மணிக்கே மதுரை லாரியில் போய்விட்டது என்றார் கடைக்காரர். அங்கே அன்றன்றைக்கு உருக்கிவிடுவார்கள். வேண்டுமானால் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கோமதிநாயகம் கூட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. வைத்துவிட்டு வந்தார்.

தளவாய் வந்ததை எடுத்துக்கொண்டது போலவே, வராமல் போனதையும் ஊர் எடுத்துக்கொண்டது. கேட் வாங்க வருகிறவர்கள் மறுபடி பேரம் பேசினார்கள். கைக்குழந்தைக்காரிகளிடம் யாரும் சங்கோடு போய் நிற்கவில்லை. அடுத்த கொடைக்குத் தளவாயின் பாதி வரியைத் தள்ளுபடி செய்தார்கள். கோமதிநாயகம் கட்டுகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் வாங்க மறுத்தார்கள். பீர்முகம்மது இரண்டாவது கிளாஸை நிறுத்தியது மட்டும் பட்டறை நாய்க்குப் புரியவில்லை. அது தினமும் காலை டீ நேரத்துக்கு மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

2018 மார்ச் 8, வியாழக்கிழமை, கோமதிநாயகம் சின்ன மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறி, அதுவரை கயிறு கட்டி விட்டிருந்த பால்கனிக்கு மிச்ச கிரில்லை வைத்து முடித்தார். கிரில்லின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் அதைக் கம்பியால் தூணோடு கட்டியிருந்தார். வயரில் ஒட்டு இல்லை. வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.